நாலு கட்டத்துக்கும் ஒரே அளவு

நான் இன்னா வேலை செய்யறேன்னு எங்க தெருவுல இதுவரைக்கும் ஒருத்தருக்கும் புரிய வைக்க முடிஞ்சதில்ல. காத்து, கழிவுத்தண்ணி, புகை இதையெல்லாம் அளந்து ரிப்போர்ட் குடுக்கற ஒரு சின்ன ஆபீஸ், கிண்டியில. அளக்கறது வேற ஆளுங்க. அவங்க கொண்டாந்து கொட்டற எண்ணுங்களைக் கம்ப்யூட்டர்ல படமா போடறது நான். கோடு போடறதுக்கா மாசாமாசம் சம்பளம் குடுக்கறான்னு அம்மா கேக்கும். ஆமாம்மா, கோடு போடறதுக்குத்தான். ஒரு நாள் வந்து போட்டுப் பாரு, தெரியும்.

அதுலயும் பேஜாரு புடிச்ச வேலை, பல படத்தை ஒரே பக்கத்துல அடக்கறது. பெரிய மனுஷங்களுக்குப் பக்கத்தைத் திருப்பினா கை வலிக்கும். எல்லாம் ஒரே பார்வையில தெரியணும்னு சொல்லிடுவாங்க. ரெண்டு வரிசை, மூணு பத்தின்னு சாப்ட்வேர்ல எழுதினா அது ஆறு கட்டம் போட்டுக் குடுத்துடும், அது வரைக்கும் ஒழுங்கு. அப்பாலதான் சண்டை ஆரம்பிக்கும். கீழ்க் கட்டத்தோட தலைப்பு மேல் கட்டத்து எண்ணுங்க மேல ஏறி உக்காரும். ஹவுசிங் போர்டு வீடு மாதிரிதான், ஒருத்தர் துணி காயப்போட்டா இன்னொருத்தர் ஜன்னல் மூடிடும். நான் வாயில வந்தபடி திட்டிக்கினே ஒவ்வொண்ணா தள்ளி உக்கார வைப்பேன். எல்லாம் வரிசையா உக்காந்துட்டா மனசுக்கு வர்ற திருப்தி இருக்கே, அதை வெளியில யாருகிட்டயும் சொல்ல முடியாது, சிரிப்பாங்க.

இந்தக் கட்டம் போடற வேலை என் அக்கா குடும்பத்துக்குள்ள போய் வேலை காட்டிச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அக்காவைத் திருவொத்தியூர்ல குடுத்தோம். நாங்க ராயபுரம், சர்ச்சுக்குப் பின்னாடி மூணாவது சந்து. நானும் அம்மாவும் கீழ் வீட்டுல, மேல் போர்ஷன்ல வாடகைக்கு ஆள். அக்கா வீடு ஹார்பருக்குக் கண்டெய்னர் லாரி போற ரோட்டு மேலயே. லாரிங்க நகராம வரிசை கட்டி நிக்கும்போது ஜன்னல்ல கையை நீட்டினா டிரைவருக்கு டீ குடுத்துடலாம், அவ்ளோ கிட்ட. அந்த ஜன்னலோரம்தான் அக்காவோட தையல் மெஷின். அந்தத் தெருவுல கல்யாணம், பூப்பு நீராட்டு, சர்ச்சுல புதுநன்மை எதுன்னாலும் பிளவுஸும் கவுனும் அக்கா கையிலதான் வரும். மாமா எண்ணூர்ப் பக்கம் கண்டெய்னர் யார்டுல சூப்பர்வைசர். அதிகம் பேச மாட்டாரு. பொண்ணு ஒண்ணு, ரெண்டாங் கிளாஸ். வாய் மட்டும் எட்டாங் கிளாஸ்.

அந்தப் பொண்ணுக்கு வீசிங். பனி மாசம்னு இல்ல, எப்ப வேணும்னாலும் வரும். வந்துடுச்சுன்னா நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்தற மாதிரி சத்தம் கேக்கும். வீட்டுலயே புகை மருந்து மெஷின் வாங்கி வெச்சுட்டாங்க. டாக்டர் மாமாகிட்ட, முடிஞ்சா இடத்தை மாத்துங்கன்னு சொல்லிட்டாரு. அன்னிலேர்ந்து மாமாவுக்கு ஒரே பேச்சு, ஆவடிக்குப் போயிடலாம். அங்க அவரோட அண்ணன் இருக்காரு. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு வீடு பார்க்கலாம்னாரு. அக்கா முடியவே முடியாதுன்னுடுச்சு. ஆவடியில என்னை யாருக்குத் தெரியும், என்கிட்ட யாரு துணி குடுப்பா, தூசி எங்கதான் இல்ல, ஆவடியில இன்னா பன்னீரா தெளிக்கறாங்கன்னு கேட்டுச்சு.

சண்டைன்னா பாத்திரம் பறக்கற சண்டை இல்ல, மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கற சண்டை. அது அதைவிடக் கொடுமை. இந்தப் பக்கம் அக்கா போன் பண்ணி அழும், அந்தப் பக்கம் மாமா போன் பண்ணி ஒரு பெருமூச்சு விட்டுட்டு வெச்சுடுவாரு. நடுவுல நான் மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் அடி வாங்கிக்கினு இருந்தேன். எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல கோவம் வரும். ஒரு நாள் ரெண்டு பேரையும் எதிர்ல உக்கார வெச்சு, எங்க தூசி எங்க இல்லன்னு நீங்க ஏன் வாயால அளந்துக்கினு இருக்கீங்க, மெஷின் வெச்சு அளந்துடலாம், அது சொல்றபடி கேளுங்கன்னு கத்திட்டேன். மாமா உடனே சரின்னாரு. அக்காவும், எங்க வூட்டு ஜன்னல் தோத்துடுமா இன்னா, கொண்டா பாக்கலாம்னுச்சு.

ஆபீஸ்ல காத்துத்தூசி அளக்கற குட்டி மீட்டருங்க மூணு சும்மா கிடந்துச்சு. டிபன் பாக்ஸ் சைஸ்ல வெள்ளை டப்பா, பக்கத்துல காத்து போற ஓட்டைங்க, வேலை செஞ்சா ஒரு பச்சை லைட்டு. மேனேஜர்கிட்ட விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன், எடுத்துக்கினு போம்மான்னுட்டாரு. ஒண்ணு அக்கா வீட்டு ஜன்னல்ல, ஒண்ணு ஆவடியில அண்ணன் வீட்டு ஜன்னல்ல. மூணாவதைப் பையில போட்டு வெக்க மனசு வராம எங்க வீட்டு ஜன்னல்லயே மாட்டிட்டேன்.

சில வாரம் ஓடுச்சு. ரெண்டு வீட்டு எண்ணுங்களையும் எடுத்து, பஸ்ல நின்னுக்கினே லேப்டாப்பைத் திறக்க முடியாம, போன்லயே தனித்தனியா ரெண்டு படம் பார்த்தேன். ரெண்டுலயும் கோடு மேல ஏறி கீழ இறங்கி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆட்டம் போட்டுச்சு. அக்காகிட்ட, பார்த்தவரைக்கும் பெரிய வித்தியாசம் தெரியல, ஞாயித்துக்கிழமை வந்து ஒழுங்கா போட்டுக் காட்டறேன்னு சொன்னேன். அக்கா சந்தோஷத்துல எறா தொக்கே பண்ணிடுச்சு.

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு நேரா அங்க போயிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிட்டு, தையல் மேஜையிலேயே லேப்டாப்பை வெச்சேன். ரெண்டு படத்தையும் ஒரே பக்கத்துல, பக்கத்துல பக்கத்துல போட்டேன். இங்க ஒரு விஷயம் சொல்லணும். சாப்ட்வேரை அதும்பாட்டுக்கு விட்டா, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி அளவு வெச்சுக்கும். சின்ன எண்ணா இருந்தா சின்ன அளவு, பெரிய எண்ணா இருந்தா பெரிய அளவு. எலியும் யானையும் ஒரே உயரத்துக்குத் தெரியும். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே அளவு வெய்யின்னு நாமதான் ஒரு வார்த்தை சேர்த்து எழுதணும். எழுதினேன்.

அக்கா வீட்டுக் கோடு தரையோட தரையா படுத்துடுச்சு.

ஆவடிக் கோடு பக்கத்துல ஏறி இறங்கி ஜோரா இருக்கு, திருவொத்தியூர்க் கோடு பாய் விரிச்சுப் படுத்துக்கினு கீது. ஆவடியைவிட இந்த ரோடு சுத்தம்னு அர்த்தம். அக்கா மாமா மூஞ்சைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சுது பாருங்க, அதுக்கு எந்த அளவுகோலும் பத்தாது. மாமா மெதுவா என் லேப்டாப்பைத் தொட்டு விரலைக் காட்டினாரு. நான் திறந்து வெச்ச அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள கீபோர்டு மேல கருப்பா மாவு தூவின மாதிரி உக்காந்திருந்துச்சு. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. மாமா மேல இல்ல, அந்தப் படத்து மேல. இன்னா உட்டாலக்கடி காட்டறியான்னு மனசுக்குள்ள திட்டிக்கினே மீட்டரைப் பாக்க ஜன்னல்கிட்ட போனேன்.

மீட்டரைக் காணோம். மீட்டர் இருக்க வேண்டிய இடத்துல ரோஸ் கலர் பூப்போட்ட, ஓரமெல்லாம் லேஸ் வெச்ச ஒரு சின்ன மூட்டை இருந்துச்சு. லைனிங் குடுத்து டபுள் துணியில, டப்பாவுக்குக் கச்சிதமா, ஒயர் வர்றதுக்கு வழி விட்டு, அக்கா உறை தெச்சுப் போட்டிருக்கு.

அந்தத் தெருவைத் தெரியாதவங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமா படும். அங்க எந்த வீட்டுலயும் எதையும் திறந்து வெக்க மாட்டாங்க. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை, ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் கவர். காலையில துடைச்ச மேஜையில சாயங்காலம் விரலால பேர் எழுதலாம், அப்படி இருந்தா பின்ன இன்னா பண்ணுவாங்க. புதுசா ஒரு சாமான் வீட்டுக்குள்ள வந்தா மொதல்ல அதுக்கு அளவெடுப்பாங்க, அப்பாலதான் சுவிட்ச் போடுவாங்க. தூசியை அளக்க வந்த மெஷினுக்கும் அதே மரியாதைதான் கிடைச்சுது.

நான் கத்தின கத்துக்கு வெளிய நின்ன லாரி டிரைவர் எட்டிப் பார்த்தாரு. அக்காவும் சும்மா இல்ல. ஆபீஸ் சாமானாச்சே, கெட்டுப்போனா நாளைக்கு நீ தானே பதில் சொல்லணும், உனக்காகத்தானே கவுன் தெக்கற வேலையை நிறுத்திட்டு இத்த தெச்சேன், வாரா வாரம் துவைச்சு வேற போடறேன்னு எகிறிச்சு. எனக்குக் கோவமும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. அப்பதான் மாமா வாயைத் திறந்தாரு.

"தெரிஞ்சே போட்டியா?"

அவ்ளோதான் கேட்டாரு. அக்கா மூஞ்சி அப்படியே விழுந்துடுச்சு. அத்தனை நாள் சண்டையில மாமா எதிர்ல ஒரு சொட்டு விடாத அக்கா, பொலபொலன்னு அழுதுடுச்சு. எனக்கு அதுக்கு மேல தாங்கல. உறையைக் கழட்டி அவர் கையில குடுத்தேன். பச்சை லைட்டு எரியுதான்னு வெளியிலேர்ந்து பாக்கறதுக்குன்னு அதுக்கு நேரா அக்கா ஒரு காஜா எடுத்திருக்கு, பட்டன் போடறதுக்கு எடுப்பாங்களே அந்த ஓட்டை, சுத்திப் பச்சை நூல் போட்டு. ஏமாத்தறவங்க லைட்டுக்கு ஜன்னல் வெச்சா தெப்பாங்கன்னு கேட்டேன். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. உள்பக்கம் பளிச்சுன்னு ரோஸ், வெளிப்பக்கம் ரோஸ் மேல தூசி ஏறிச் சாம்பல் பூத்திருந்துச்சு. அப்பால அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. அக்கா தோள்ல ஒரு தட்டு தட்டிட்டு, போய் டீ போடுன்னாரு. அக்கா மூக்கை உறிஞ்சிக்கினே போய் எல்லாருக்கும் டீ போட்டுச்சு, எனக்கு மட்டும் சர்க்கரை போடல.

மறுபடி மொதல்லேர்ந்து அளக்க ஆரம்பிச்சோம், இந்த வாட்டி உறை இல்லாம. முதல் சில நாள் அக்கா போன் பண்ணி, இன்னிக்கு லாரியே வரலடி, உன் மெஷின் இன்னா சொல்லப்போவுதோ பாக்கலாம்னு கிண்டல் பண்ணும். அப்பால போன் குறைஞ்சுச்சு. ஒரு நாள் நானே கூப்பிட்டேன். அந்த வெள்ளை டப்பா தினம் சாயங்காலம் கருப்பாகிடுதுடி, துடைக்கலாமா கூடாதான்னு மட்டும் கேட்டுச்சு. ஓட்டைங்களை அடைக்காம வெளிய மட்டும் துடைக்கச் சொன்னேன். சரின்னு வெச்சுடுச்சு.

எண்ணுங்க சேர்ந்ததும் படம் போட உக்காந்தேன். மூணு கட்டம் வேணும். உறையோட அக்கா வீடு, உறையில்லாம அக்கா வீடு, ஆவடி. அக்காவுக்கு இங்கிலீஷ் சரளமா வராதுன்னு தலைப்பெல்லாம் தமிழ்ல வெச்சேன். இந்த சாப்ட்வேருக்குத் தமிழ்னா இளக்காரம், எழுத்துக்குப் பதிலா வெறும் சதுரம் சதுரமா காட்டும். சரியான எழுத்துருவைத் தேடிப் போட்டு அதை வழிக்குக் கொண்டாந்தேன். ரெண்டுக்கு ரெண்டு அடுக்கினா மூணு கட்டம் நிரம்பி, கீழ வலதுபக்கம் ஒண்ணு காலியா பல்லுப்போன வாய் மாதிரி நின்னுச்சு. காலிக் கட்டத்தை அழிக்க ஒரு வரி எழுதினா போதும். எனக்கு என்னமோ கை வரல. எங்க வீட்டு ஜன்னல்ல ஒரு மீட்டர் பாவம் கேப்பாரில்லாம ஓடிக்கினு கீதே, அதைப் போடலாம்னு போட்டேன். நாலு கட்டத்துக்கும் ஒரே அளவு. கலர்ல ஒரு பிரிண்ட் எடுத்துக்கினு ஞாயித்துக்கிழமை திருவொத்தியூருக்குப் போனேன்.

பொண்ணுக்கு அன்னிக்கு வீசிங். ஹால்ல உக்காந்து மூஞ்சில மாஸ்க் வெச்சுக்கினு மருந்துப் புகை இழுத்துக்கினு இருந்துச்சு. பேச முடியாததால கையாலேயே எனக்கு வணக்கம் வெச்சுது. நான் பேப்பரை மேஜையில விரிச்சேன். அக்கா குனிஞ்சு பார்த்துச்சு, மாமா பின்னாடி நின்னு பார்த்தாரு. உறையில்லாத கட்டத்துல கோடு கட்டத்தோட கூரையை முட்டிக்கினு இருந்துச்சு, லாரி ஓடற நேரமெல்லாம். ஆவடி அதுக்குக் கால்வாசி உயரம்கூட இல்ல. அக்கா மொதல் கட்டத்தையும் ரெண்டாவது கட்டத்தையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கினே இருந்துச்சு. அப்பால ஹால்ல மாஸ்க்கோட உக்காந்திருந்த பொண்ணைத் திரும்பிப் பார்த்துச்சு.

"துணி தடுத்ததை எல்லாம் நான் துவைச்சு ஊத்திட்டேன்," அக்கா சொல்லிச்சு. "இவ நெஞ்சை எத்த வெச்சுத் துவைப்பேன்?"

எனக்கு ஏன்டா இந்தப் படத்தைப் போட்டோம்னு இருந்துச்சு. மாமா, நான் அப்பவே சொன்னேன் பாருன்னு ஒரு வார்த்தை சொல்லல. அந்த ஒண்ணுக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

அக்கா கண்ணைத் துடைச்சுக்கினு நாலாவது கட்டத்து மேல விரல் வெச்சு, இது எதுன்னு கேட்டுச்சு. நம்ம ராயபுரத்து வூடுதான், கட்டம் காலியா இருந்துச்சேன்னு போட்டேன்னு சொன்னேன். எங்க வீட்டுக் கோடு ஆவடியைவிடக் கொஞ்சம் மேல, திருவொத்தியூருக்கு ரொம்பக் கீழ. மத்தியானம் கடல்காத்து வர்ற நேரத்துல ஆவடியையே தாண்டிக் கீழ இறங்கி இருந்துச்சு. அதை நானே அப்பதான் கவனிச்சேன். அக்கா நிமிர்ந்து மாமாவைப் பார்த்துச்சு.

"இன்னாங்க, ஆவடிதான் வேணுமா? இதுக்குன்னா நான் இன்னிக்கே மூட்டை கட்டறேன்."

மாமா பேப்பரைக் கையில எடுத்து, வெளிச்சத்துல புடிச்சு, கட்டத்துக்குக் கட்டம் விரலால உயரம் வெச்சுப் பார்த்தாரு. யார்டுல கண்டெய்னர் கதவு சீலு சரிபார்க்கற மாதிரி அவ்ளோ பொறுமையா. ஆவடிக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லதான்னாரு. நான் கிறுக்கச்சி மாதிரி சிரிச்சேன். மேல் போர்ஷன்காரங்க எப்படியும் அவங்க பொண்ணு கல்யாணத்தோட காலி பண்றதா சொல்லியிருந்தாங்க. போன்ல அம்மாகிட்ட சொன்னா, அழுவுற சத்தம்தான் வந்துச்சு.

திருவொத்தியூர் வீட்டை ஒரு லாரி செட்காரரு ஆபீஸ் வெக்க வாடகைக்குக் கேட்டாரு. அவருக்கு அந்த ரோடு தேவாமிர்தம். காலி பண்ற அன்னிக்கு நானும் லீவு போட்டுட்டுப் போனேன். குட்டி யானை வண்டியில சாமானை ஏத்தினோம். தையல் மெஷின், கட்டில், பீரோ, உறை போட்ட டிவி, உறை போட்ட மிக்ஸி. அக்கா அழும்னு நினைச்சு நான் கைக்குட்டையோட ரெடியா நின்னேன். அக்கா தெருக்காரங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ராயபுரத்துக்கு ஷேர் ஆட்டோ எங்க ஏறணும், எங்க இறங்கணும்னு கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டு, துணியை எடுத்துக்கினு வந்துடுங்கடின்னு அதட்டிட்டு, ஜம்முனு வந்து வண்டியில முன்னாடி ஏறி உக்காந்துடுச்சு.

மாமா வெளிய வரல. பூட்டப் போனவர் எங்கடா காணோம்னு உள்ள எட்டிப் பார்த்தேன். காலியா இருந்த ஹால்ல, சுவத்தைப் பார்த்து நின்னுக்கினு இருந்தாரு. தோள் குலுங்கிக்கினு இருந்துச்சு. எனக்கு அப்பதான் உறைச்சுது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அக்கா வூடு, அக்கா வூடுன்னே நாங்க சொல்லிக்கினு இருந்தோம். அது அவரு பொறந்த வீடு. அவரோட அப்பாவும் அம்மாவும் கண்ணை மூடினது அதே ஹால்லதான். போயிடலாம் போயிடலாம்னு வாயைத் திறந்து சொன்னவர் அவரு ஒருத்தர்தான், அதனால அவருக்கு அது வலிக்கும்னு நாங்க யாருமே நினைச்சுப் பார்க்கல.

நான் சத்தம் போடாம வெளிய வந்துட்டேன். அக்காகிட்ட சொல்லவே தேவைப்படல, என் மூஞ்சியைப் பார்த்ததும் இறங்கி உள்ள போயிடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு பேரும் கையைப் புடிச்சுக்கினு வெளிய வந்தாங்க. கல்யாணத்தன்னிக்குக்கூட அவங்க அப்படிக் கையைப் புடிச்சு நான் பார்த்ததில்ல. மாமா பூட்டினாரு, பூட்டை ஒரு வாட்டி இழுத்துப் பார்த்தாரு, வண்டிக்குப் பின்னாடி சாமானோட ஏறி எனக்கு எதிர்ல உக்காந்தாரு. பொண்ணு ஓடி வந்து அவர் மடியில ஏறிக்கிச்சு. வண்டி கிளம்பினதும் அவர் மூஞ்சை உத்துப் பார்த்துது.

"இன்னாப்பா, கண்ணு செவந்து கீது?"

"தூசிம்மா."

அந்தத் தெருவுல பொறந்த கொழந்தைக்கு அதை நம்பறதுல கஷ்டமே இல்ல. தன்னோட கவுன் ஓரத்தாலேயே அவர் கண்ணைத் துடைச்சு விட்டுட்டு, பாட்டி வூட்டுக்குப் போனா தூசி வுழாது இல்லன்னு கேட்டுச்சு. ஆமான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். மாமா கொஞ்சம் யோசிச்சாரு. அந்த நாலாவது கட்டத்தை மனசுல வெச்சுப் பார்த்தாரோ என்னமோ.

"வுழும்மா," சொன்னாரு. "கம்மியா வுழும்."